வீட்டைக் காலி செய்யாமல்

எங்கள் ஈசூன் புளோக்கில் இல்ல மேம்பாட்டுத் திட்ட வேலை நடந்தபோது நான் பல்கலைக்கழகத்தில் ஊடகத் துறையில் படித்துக்கொண்டிருந்தேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2007ல் அறிவித்த திட்டம் அது. புளோக்கில் தகுதிபெறும் சிங்கப்பூர்க் குடிமக்கள் குடும்பங்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் வாக்களித்து ஒப்புக்கொண்டால்தான் வேலை தொடங்கும். அம்மா ‘வேண்டும்’ என்றார். அப்பா ‘தூசி’ என்றார். வழக்கம்போல அம்மா வென்றார்.

பழைய கழிவுநீர்க் குழாயைக் கழற்றிப் புதிது மாட்டினார்கள். காரை பெயர்ந்த கூரையைச் சரிசெய்தார்கள். கழிப்பறை முழுவதும் புதிதாயிற்று. ஏறத்தாழ பத்து நாள் வீடு முழுக்க இடிக்கும் சத்தம். குளிப்பதற்கு மட்டும் பக்கத்து புளோக்கில் இருந்த அத்தை வீட்டுக்குப் போய்வந்தோம். அப்பா குளித்த கையோடு திரும்பிவந்து, கணினி மேசையின் மேல் பழைய போர்வையைக் கூடாரம்போல் கட்டி, அதற்குள் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

சென்ற மாதம் அதே அப்பா என்னிடம் கேட்டார்: “ஏம்மா, அன்னிக்குக் குழாய் மாத்தினப்ப வீட்டையா காலி பண்ணினோம்? இந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் எல்லாத்தையும் காலி பண்ணணும்கிற?”

நியாயமான கேள்வி. பழைய கணினி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் என்றாவது ஒருநாள் எழும் கேள்வி. இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அந்தக் கணினியில் என்ன இருக்கிறது?

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாத்தா அதற்கு முன் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அந்தத் தளத்தின் பட்டறைதான் 1968ல் கைமாறி செம்பவாங் ஷிப்யார்ட் ஆனது. எங்கள் வீட்டில் இன்றும் அந்த வட்டாரத்துக்கு ‘நேவல் பேஸ்’ என்றுதான் பெயர்.

வீட்டுக்கு முதல் கணினி வந்த நாளிலிருந்து அப்பா அந்த நேவல் பேஸைப் பற்றி எழுதிவருகிறார். தொழிலாளர் குடியிருப்பில் யார் யார் இருந்தார்கள், எந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்தார்கள், கேன்பரா சாலைப் பக்கம் இருந்த முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் எப்படி நடந்தது என்றெல்லாம் எழுதுவார். அந்தக் கோயில்தான் இப்போது ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். காப்பிக்கடையில் பழைய நண்பர்களைச் சந்தித்துக் கேட்பார். அன்று மாலையே தட்டச்சு செய்வார். முந்நூறுக்கும் மேற்பட்ட கோப்புகள் சேர்ந்துவிட்டன.

இவற்றை யாரும் நூலாகக் கேட்டதில்லை. அச்சுப் பிரதி இல்லை. இரண்டாவது நகலும் இல்லை. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பாவால் நெடுநேரம் திரையைப் பார்க்க முடியவில்லை. தகவல் சொன்ன நண்பர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. ஆகவே அந்தக் கோப்புகள் அழிந்தால் மறுபடி எழுதிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்பா கேட்ட கேள்வியில் இருந்த பயம் அதுதான்.

ஏன் மாற்ற வேண்டும்?

2020ல், நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கை முடிந்த சில மாதங்களில், மெதுவாகிப்போன அந்த மடிக்கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் 20ஐப் போட்டோம். போட்டுக்கொடுத்தவர் என் ஒலிப்பொறியாளர் நண்பர். காசில்லை, வேகமாக ஓடியது, அப்பாவுக்கும் பிடித்துப்போனது.

ஆனால் எந்த இயங்குதளத்துக்கும் ஆயுள் உண்டு. மின்ட் 20க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 ஏப்ரலோடு நின்றன. மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும் திறக்கும் ஒரு கணினியை அதற்குப் பிறகும் அப்படியே ஓட்டுவது, பூட்டு பழுதானது தெரிந்தும் கதவைச் சாத்திவிட்டு ஊருக்குப் போவதற்குச் சமம். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான். அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போடலாமா என்று நேயர்கள் சிலர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

மின்ட் 20இலிருந்து 21, பிறகு 22 என்று படிப்படியாக ஏறவும் வழி உண்டு. ஐந்தாண்டுகளில் அப்பா எதை எதையோ நிறுவிப் பார்த்திருந்ததால் புதிதாக நிறுவுவதே சுத்தம் என்றார் நண்பர். “நீயே செய்துவிடலாம், பயப்படாதே. வீட்டை அன்றைக்கே தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன்,” என்றார். அவர் சொன்ன ‘வீடு’ எது என்பது புரிந்தபோதுதான் எனக்குத் தைரியம் வந்தது.

வீடு வேறு, புளோக் வேறு

லினக்ஸில் பயனருக்குச் சொந்தமான எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அந்த இடத்தின் பெயரே ‘ஹோம்’. அதற்குள் ஒவ்வொரு பயனருக்கும் அவரவர் பெயரில் ஒரு கோப்புறை. அப்பாவின் எழுத்து, படங்கள், பதிவிறக்கங்கள் எல்லாம் அப்பாவின் கோப்புறைக்குள். அம்மாவுடையவை அம்மாவின் கோப்புறைக்குள். இயங்குதளமும் அதன் மென்பொருள்களும் இவற்றுக்கு வெளியே வேறு கோப்புறைகளில் இருக்கும்.

புளோக்கின் மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி, குழாய்கள் எல்லாம் பொது. கதவுக்கு உள்ளே இருப்பது நம் வீடு. பொதுக் குழாயை மாற்ற நம் அலமாரியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதே ஏற்பாடுதான் இதுவும்.

இதிலும் ஒருபடி மேலே போய், வன்தட்டை இரண்டு பிரிவுகளாக்கி, ஒன்றில் இயங்குதளத்தையும் மற்றொன்றில் ‘ஹோம்’ கோப்புறையையும் வைக்கலாம். நண்பர் 2020ல் செய்தது அதுதான். இயங்குதளப் பிரிவை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவினாலும் ‘ஹோம்’ பிரிவில் கை படாது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. பிரிவுகளின் அளவை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். இயங்குதளத்துக்கு மிகக் குறைவாக ஒதுக்கிவிட்டால், பக்கத்துப் பிரிவில் இடம் கொட்டிக்கிடந்தாலும் இங்கே மூச்சு முட்டும். மின்ட் நிறுவக் குறைந்தது 20 ஜிபி தேவை. 100 ஜிபி இருந்தால் வசதி என்பது அதை உருவாக்குபவர்களின் பரிந்துரை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ஹோம்’ கோப்புறைக்குள் கண்ணுக்குத் தெரிவது பாதிதான். பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்புகளை லினக்ஸ் மறைத்துவைக்கும். கோப்பு மேலாளரில் கண்ட்ரோல், எச் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அவை வெளியே வரும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் சேமித்த பக்கங்களும் கடவுச்சொற்களும், மென்பொருள்களின் அமைப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையை மட்டும் நகலெடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் பிறகு தலையில் கைவைப்பது இதனால்தான்.

முதலில் நகல்

தனிப் பிரிவு இருக்கிறதே என்று நம்பி நேரே வேலையில் இறங்கக் கூடாது. இரண்டு பிரிவுகளும் ஒரே வன்தட்டில்தான் இருக்கின்றன. தட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். கை தவறினாலும் அப்படித்தான். தனிப் பிரிவு வசதிக்கு, நகல்தான் பாதுகாப்பு.

மாலை நிகழ்ச்சி முடிந்ததும் லிட்டில் இந்தியாவுக்குப் போய், முஸ்தபாவில் ஒரு டெராபைட் வெளிப்புற வன்தட்டு வாங்கினேன். நண்பரைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “தட்டு எந்த வடிவத்தில் இருக்கிறது?” கடையில் கிடைக்கும் தட்டுகள் பெரும்பாலும் விண்டோஸுக்கும் மேக்குக்கும் பொதுவான எக்ஸ்ஃபேட் போன்ற வடிவங்களில் வரும். படங்களையும் கடிதங்களையும் அதில் வைக்கலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு கோப்பு யாருக்குச் சொந்தம், யார் திறக்கலாம் என்ற லினக்ஸின் குறிப்புகளை எக்ஸ்ஃபேட் சேமிக்காது. மறைந்திருக்கும் அமைப்புக் கோப்புகளுக்கு அந்தக் குறிப்புகள் முக்கியம். ஒன்று, தட்டை லினக்ஸின் இஎக்ஸ்டி4 வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அல்லது முழுக் கோப்புறையையும் ‘டார்’ என்ற ஒரே மூட்டையாகக் கட்டி வைக்க வேண்டும். நான் மூட்டை கட்டினேன்.

மின்டில் ‘டைம்ஷிஃப்ட்’ என்றொரு கருவி ஏற்கெனவே இருக்கும். கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பிக் கொண்டுவரும். அது ஓடுகிறதே, நம் கோப்புகளும் பத்திரம் என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை. அது இயங்குதளத்தைக் காப்பதற்கானது. நாமாக மாற்றினால் ஒழிய, ‘ஹோம்’ கோப்புறையை அது சேர்த்துக்கொள்வதில்லை. ஐந்தாண்டுகளாக அப்பாவின் எழுத்துக்கு ஒரே ஒரு நகல்கூட இல்லை என்பது அன்றிரவுதான் எனக்கு உறைத்தது.

நகலெடுத்தால் மட்டும் போதாது. திறந்து பார்க்க வேண்டும். தட்டை என் மடிக்கணினியில் மாட்டி, மூட்டையைப் பிரித்து, ஏழெட்டுக் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். எல்லாம் அண்மைய ஆண்டுகளில் எழுதியவை. வரி வரியாகத் தமிழ். சரி என்று முடிவு செய்தேன். ‘அண்மைய ஆண்டுகள்’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

ஒரு சிறு கட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். அப்பா என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நேரலையில்கூட எனக்கு அப்படிக் கை வியர்த்ததில்லை.

மின்ட் 22ஐ ஒரு தம்ப் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியை இயக்கினேன். நிறுவும்போது ஓரிடத்தில் கணினி கேட்கும்: வட்டை முழுவதும் அழித்து நிறுவவா, அல்லது வேறு விதமாகவா? முதல் வழி எளிது; ஒரே சொடுக்கு. அதில் ‘ஹோம்’ பிரிவும் சேர்ந்தே போய்விடும். நமக்கு வேண்டியது கடைசியில் இருக்கும் ‘வேறு விதமாக’ என்ற வழி.

அதைத் தேர்ந்தெடுத்ததும் வன்தட்டின் பிரிவுகள் வரிசையாகத் தெரிந்தன. இயங்குதளப் பிரிவைத் தேர்ந்தெடுத்து, ‘இது இயங்குதளத்துக்கு’ என்று குறித்து, ஃபார்மட் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அடுத்து ‘ஹோம்’ பிரிவு. ‘இது ஹோமுக்கு’ என்று குறித்தேன். அதற்கும் பக்கத்தில் அதே ஃபார்மட் கட்டம். இங்கே டிக் இருக்கக் கூடாது. இருபது ஆண்டு எழுத்துக்கும் வெறும் காலியிடத்துக்கும் நடுவே இருப்பது அந்தச் சிறு கட்டம் மட்டுமே.

எந்தப் பிரிவு எது என்று அடையாளம் காண, அளவைப் பார்க்கலாம். நான் முன்னாளே ஒரு தாளில் இரண்டு பிரிவுகளின் அளவையும் எழுதிவைத்திருந்தேன். அப்பா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, “சரியாத்தான் இருக்கு,” என்றார். கப்பலில் வால்வு மூடியிருக்கிறதா என்று இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்களாம். அந்தப் பழக்கம் நல்லது.

காலித் திரை

நிறுவல் முடிந்தது. கணினி மீண்டும் உயிர்பெற்றது. கடவுச்சொல்லை அடித்தேன்.

திரையில் ஒன்றுமே இல்லை. அப்பா வைத்திருந்த கோயில் கோபுரப் படம் இல்லை. ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையைத் திறந்தேன். காலி. படங்கள் கோப்புறை, காலி.

அப்பா எதுவும் சொல்லவில்லை. எழுந்து தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

நகல் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கோப்பு மேலாளரில் ‘ஹோம்’ கோப்புறைக்கு மேலே போய்ப் பார்த்தேன். அங்கே ஒன்றல்ல, மூன்று கோப்புறைகள் இருந்தன. ஒன்று அம்மாவுடையது. ஒன்று புதிது, அப்பாவின் முழுப்பெயரில். மற்றொன்றின் பெயர், ஆங்கில எழுத்துகளில் ‘அப்பா’.

அப்போதுதான் விளங்கியது. 2020ல் நண்பர் பயனர் பெயர் கேட்டபோது, நான் எப்படிக் கூப்பிடுகிறேனோ அப்படியே ‘அப்பா’ என்று அடித்துவிட்டார். இந்த முறை நான் மரியாதையாக இருக்கட்டும் என்று அப்பாவின் முழுப்பெயரைக் கொடுத்தேன். கணினி புதிய பெயரைப் பார்த்தது. புதிதாக ஆள் வந்திருக்கிறார் என்று காலி வீடு ஒன்றைத் திறந்துகொடுத்தது. பழைய வீடு பக்கத்திலேயே, ஒரு சாமான்கூட இடம் மாறாமல், பூட்டியபடி இருந்தது.

‘அப்பா’ கோப்புறையைத் திறந்தேன். எல்லாம் இருந்தன. தாழ்வாரத்தை நோக்கிக் கத்தினேன். அம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

நீ சூனும் ஈசூனும்

பெயர் வேறாக இருந்தும் பழைய கோப்புறை எனக்கு ஏன் திறந்தது? இதற்கு விடை ஈசூனிலேயே இருக்கிறது.

எங்கள் ஊருக்கு அந்தப் பெயர் லிம் நீ சூன் என்பவரால் வந்தது. அன்னாசி, ரப்பர் தோட்டங்களால் செல்வந்தரான சீன முன்னோடி. அவருடைய தியோச்சியூ பெயரை மாண்டரின் உச்சரிப்பில் எழுதியபோது ‘நீ சூன்’, ‘ஈசூன்’ ஆயிற்று. தேர்தல் தொகுதிக்கு இன்றும் நீ சூன் என்று பெயர். ரயில் நிலையத்துக்கு ஈசூன். பெயர் எதுவானாலும் ஆள் ஒருவர்தான். கடிதம் வந்து சேர்வதோ பெயரைவிட எண்ணை நம்பித்தான்: 1995ல் வந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீடு எந்த புளோக் என்று காட்டிவிடும்.

லினக்ஸும் ஆட்களை எண்ணால்தான் அறிகிறது. ஒவ்வொரு கோப்பிலும் அதன் சொந்தக்காரர் பெயர் எழுதப்படுவதில்லை, எண்தான் எழுதப்படுகிறது. மின்ட், உபுண்டு போன்றவற்றில் நிறுவும்போது உருவாகும் முதல் பயனரின் எண் 1000. அடுத்தவர் 1001. அப்பா 2020லும் முதல் பயனர். இந்த ஞாயிற்றுக்கிழமையும் முதல் பயனர். ஆகவே பெயர் மாறினாலும் எண் ஒன்றுதான். பழைய கோப்புகள் புதிய பெயருக்குத் தாமாகவே திறந்தன. ஆனால் எந்தக் கோப்புறை வாசலில் கொண்டுபோய் விடுவது என்பதைக் கணினி பயனர் பெயரை வைத்துத் தீர்மானித்தது. குழப்பம் அங்கேதான்.

கணக்கைப் பழைய கோப்புறைக்குத் திருப்பிவிடக் கட்டளைகள் உண்டு. எனக்கு அதைவிட எளிய வழி இருந்தது: இன்னொரு முறை நிறுவினேன், பழைய பெயரையே கொடுத்தேன். இருபது நிமிடம். ஏற்கெனவே அந்தப் பெயரில் கோப்புறை இருந்தால் நிறுவி அதை அழிக்காமல் அப்படியே எடுத்துக்கொள்ளும். இம்முறை கோபுரப் படத்தோடு திரை வந்தது. ஃபயர்ஃபாக்ஸில் அப்பா சேமித்திருந்த பக்கங்களும் வந்தன.

ஒரே கணினியில் இரண்டு பேர் இருந்தால் வரிசை முக்கியம். எங்கள் வீட்டில் அப்பா 1000, அம்மா 1001. புதிதாகக் கணக்குத் தொடங்கும்போதும் அதே வரிசையில், அதே பெயர்களில் தொடங்க வேண்டும். வரிசையை மாற்றினால், அம்மாவின் கோப்புகளுக்கு அப்பா சொந்தக்காரர் ஆகிவிடுவார். எங்கள் வீட்டில் அது கணினிச் சிக்கலோடு நிற்காது.

மேலும் சில எச்சரிக்கைகள். மென்பொருள்கள் ‘ஹோம்’ கோப்புறையில் இல்லை. அவற்றைத் திரும்ப நிறுவ வேண்டும். தமிழ்99 விசைப்பலகையையும் நான் மறுபடி சேர்த்தேன். மென்பொருள் வந்து உட்கார்ந்ததும் தன் பழைய அமைப்புகளைத் தானே கண்டுகொள்ளும். சில சமயம் அந்தப் பழைய அமைப்புகள் புதிய பதிப்போடு ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கும். அப்போது அந்த மறைந்த கோப்புறையை அழிக்க வேண்டாம்; பெயரை மட்டும் மாற்றி வைத்தால் மென்பொருள் புதிதாகத் தொடங்கும். ‘ஹோம்’ கோப்புறையை முதலில் மறைக்குறியாக்கம் செய்து வைத்திருந்தால், அதன் கடவுத்தொடர் கையில் இல்லாமல் எதையும் தொடாதீர்கள். அது இல்லாவிட்டால் கோப்புகள் பத்திரமாக இருக்கும். யாராலும் படிக்க முடியாது.

லினக்ஸ் வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு சொல். விண்டோஸைப் புதுப்பித்து அமைக்கும்போது ‘என் கோப்புகளை வைத்துக்கொள்’ என்றொரு தேர்வு இருக்கும். அதுவும் இதே ஏற்பாடுதான். நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போகும், கோப்புகள் நிற்கும். அங்கேயும் நகல் எடுத்த பிறகே சொடுக்குங்கள்.

கோப்பு இருக்கிறது, எழுத்து இல்லை

இட்லி சாப்பிட்டு முடித்து, அப்பாவை உட்காரவைத்து, “ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கப்பா,” என்றேன். அவர் மிகப் பழைய கோப்பைத் திறந்தார். 2000ஆம் ஆண்டுவாக்கில் எழுதியது.

திரையில் தமிழ் இல்லை. மேலே புள்ளி, கீழே வால் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நின்றன. அடுத்த கோப்பும் அப்படியே. அறுபது கோப்புகளுக்கு மேல்.

நான்தான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு நகலை எடுத்து என் கணினியில் திறந்தேன். அதிலும் அதே கிறுக்கல். அப்படியென்றால் நிறுவும்போது நடந்த தவறில்லை. முன்பே அப்படித்தான் இருந்திருக்கிறது. நான் சோதித்தது அண்மைய கோப்புகளை மட்டும். அப்பாவும் பழையவற்றைப் பல ஆண்டுகளாகத் திறக்கவே இல்லை.

காரணம் நம் தமிழின் கணினி வரலாறு. தொண்ணூறுகளில் தமிழை இணையத்துக்குக் கொண்டுவர ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் பாடுபட்டார்கள். சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ அமைப்பை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறனின் ‘முரசு அஞ்சல்’ வந்தது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க அதே எழுத்துரு வேண்டும். இதைப் பேசித் தீர்க்கத்தான் 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 1999ல் நா. கோவிந்தசாமி காலமானார். 2000ல் மறுபடி இங்கே நடந்த மாநாட்டின்போது உத்தமம் அமைப்பு தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் பலர் ஏற்றுக்கொண்ட குறிமுறைகளில் ஒன்று திஸ்கி. பிறகு எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு வந்து நிலைத்தது.

அப்பாவும் காலத்தோடு நகர்ந்துவிட்டார். புதியவற்றை யூனிகோடில் எழுதினார். பழையவை திஸ்கியிலேயே நின்றுவிட்டன. வானொலியிலும் இதைப் பார்த்திருக்கிறேன். நாடா நன்றாக இருக்கும். அதை ஓட்டும் கருவி இருக்காது.

நண்பரை மறுபடி அழைத்தேன். சிரித்தார். லினக்ஸில் ‘ஐகான்வ்’ என்றொரு சிறு கருவி எப்போதுமே இருக்கிறதாம். ஒரு குறிமுறையில் உள்ள எழுத்துக் கோப்பை இன்னொன்றுக்கு மாற்றும். அதன் பட்டியலில் திஸ்கியும் உண்டு. அப்பா வெறும் எழுத்துக் கோப்புகளாகவே சேமித்திருந்ததால் ஒரே வரிக் கட்டளையில் வேலை முடிந்தது. மூலத்தைத் தொடாமல், மாற்றிய பிரதியைத் தனிக் கோப்புறையில் வைத்தேன். நான்கு கோப்புகள் மட்டும் இன்னும் படிக்கவரவில்லை. அவை வேறு ஏதோ எழுத்துருவில் இருக்கின்றன. அவற்றையும் அழிக்காமல் வைத்திருக்கிறோம்.

மாற்றிய முதல் கோப்பு பங்குனி உத்திரத்தைப் பற்றியது. அப்பா படிக்கத் தொடங்கினார். காவடி எந்த வழியாக வந்தது, வழியில் யார் வீட்டு வாசலில் மோர் கொடுத்தார்கள், தாத்தா எந்த ஆண்டு பால்குடம் எடுத்தார் என்று போய்க்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்தி, “இதை நான் எழுதினேனா? மோர் கொடுத்தவங்க பேரு எனக்கே மறந்துபோச்சு,” என்றார். கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்தி மேசையில் வைத்தேன். அது என் தொழில் புத்தி.

கோப்புறையைக் காப்பாற்றுவது கால்வாசி வேலைதான் என்று அன்று புரிந்தது. அதன் சொந்தக்காரர் யார் என்பது நிற்க வேண்டும். எழுத்து படிக்கவர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போதாவது யாராவது திறந்து பார்க்க வேண்டும். மறுநிறுவல் என்ற தொல்லை வந்திராவிட்டால், அந்த அறுபது கோப்புகளும் வாயில்லாமலே இருந்திருக்கும்.

இப்போது அப்பாவின் எழுத்து மூன்று இடங்களில் இருக்கிறது: அவர் மடிக்கணினியில், முஸ்தபாவில் வாங்கிய தட்டில், அத்தை வீட்டு அலமாரியில் இருக்கும் இன்னொரு தட்டில். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு வீட்டில் என்பது கணினிக்காரர்கள் சொல்லும் கணக்கு. எங்களிடம் சாதனம் இன்னும் ஒரே வகைதான். அடுத்தது மேகச் சேமிப்பு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தட்டுகளைப் புதுப்பிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அத்தை வீட்டுக்குப் போக ஒரு சாக்கும் ஆயிற்று.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கணினி இருக்கும். அதில் யாரோ எதையோ எழுதிவைத்திருப்பார்கள். இந்த வார இறுதியில் அதைத் திறந்து, மிகப் பழைய கோப்பு எது என்று தேடிப் பாருங்கள். தமிழ் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அழித்துவிடாதீர்கள். எழுதியவர் பக்கத்தில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.